ஒரு ஹெச்.பி.க்கு எத்தனை கிராம்?

"எட்டடி லேத்துக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே எண் சொல்வதில்லை. "நிமிஷத்துக்கு எவ்வளவு சுருள் எடுக்கணும்?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஆறடிக்கு இரண்டு, எட்டடிக்கு மூன்று, பத்தடிக்கு ஐந்து என்று கோவையில் எங்கள் கணபதிப் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வாய்ப்பாடு காலகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. லேத்தின் நீளத்தை வைத்து மோட்டாரைச் சொல்வது. நானும் அதை வைத்துத்தான் தொழில் தொடங்கினேன். லேத்தின் நீளத்துக்கும் மோட்டாரின் பலத்துக்கும் நேர் உறவு ஒன்றும் இல்லை என்பதை, கருகிய ஒரு மோட்டாரும் ஒரு மளிகைக்கடைத் தராசும் எனக்குக் காட்டிக் கொடுத்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வாய்ப்பாடு பொய் என்று சொல்ல மாட்டேன். அது ஹெச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல் காலத்து வாய்ப்பாடு. அப்பா காலத்தில் எங்கள் எட்டடி லேத்தில் ஹெச்.எஸ்.எஸ். பிட்டைத் தீட்டித் தீட்டி ஓட்டுவார்கள். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடில் நிமிஷத்துக்கு 25 மீட்டர் வேகத்துக்கு மேல் போனால் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். அந்த வேகத்தில் 3 மில்லி டெப்த், கால் மில்லி ஃபீடு கொடுத்தாலும் மோட்டாரிடம் கேட்பது சுமார் 1 ஹெச்.பி.தான். 3 ஹெச்.பி. மோட்டார் அதைச் சுமையாகவே நினைக்காது. முப்பது வருஷம் ஒரே மோட்டார் ஓடியது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதன் காரணம் இதுதான். மோட்டாரின் தரம் ஒருபக்கம் இருக்கட்டும், டூல் அதை வேலை வாங்கவே இல்லை.

பிறகு அதே லேத்தில் விடியா என்கிற கார்பைடு இன்சர்ட் வந்தது. 80 மில்லி எம்.எஸ். ராடை ரஃப் டர்னிங் செய்து கொடுக்கும் பெரிய ஆர்டர். டெப்த் 3, ஃபீடு 0.25, இரண்டும் பழையபடியே. வேகம் மட்டும் 25லிருந்து 100 மீட்டருக்குப் போனது. இன்சர்ட் அதை அநாயாசமாகத் தாங்கியது. சுருள் நீலநிறத்தில் சடசடவென்று ஒடிந்து விழுந்தது, வேலை பறந்தது. மத்தியானத்துக்கு மேல் ஓவர்லோடு ரிலே விழ ஆரம்பித்தது. வேலை நிற்கக் கூடாதென்று நைட் ஷிஃப்டில் யாரோ ரிலேயின் செட்டிங்கைக் கூட்டி வைத்தார்கள். அந்த வாரமே மோட்டார் கருகியது.

ரீவைண்டிங் கடையில் மோட்டாரைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் டார்ச் அடித்து ஸ்டேட்டரின் உள்ளே காட்டினார். "பாருங்க தம்பி, ஒரு பேஸ் போயி எரிஞ்சிருந்தா சில காயில் கரிக்கட்டையா இருக்கும், மிச்சது புதுசாட்ட இருக்கும். இதுல மூணு பேஸும் ஒரே பழுப்பு. கரண்ட்டுக் கோளாறு இல்லீங்க. லோடு." வார்னிஷ் பிஸ்கட் நிறத்துக்குப் போய், விரலால் தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரே சீராக வெந்திருந்தது. "ஏழரையா மாத்திக்குங்க, அப்புறம் எரியாது" என்றார். அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் ஏன் ஏழரை, ஏன் ஐந்து இல்லை, ஏன் பத்து இல்லை என்றால் அவரிடமும் பதில் கிடையாது.

இண்டக்‌ஷன் மோட்டாரின் சுபாவம் ஒன்றை அன்றைக்குத்தான் நான் கவனத்தில் வாங்கினேன். நேம் பிளேட்டில் 3 ஹெச்.பி. என்று போட்டிருந்தால், மூன்றுக்கு மேல் போனதும் அது நின்றுவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் உச்ச டார்க் பெரும்பாலும் ரேட்டட் டார்க்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். நாலரை ஹெச்.பி. கேட்டாலும் முனகிக்கொண்டே இழுக்கும். கேட்டதைக் கொடுத்துவிட்டு விலையைச் சூடாக வாங்கிக்கொள்ளும். கரண்ட் ஒன்றரை மடங்கானால் வைண்டிங்கில் பிறக்கும் சூடு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. இன்சுலேஷன் தாங்கும் அளவுக்கு மேலே ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது மோட்டார்க்காரர்களின் பொதுக் கணக்கு. நின்றுபோகிற மோட்டாரை உடனே அணைத்துவிடுவோம், அது பிழைத்துக்கொள்ளும். நிற்காமல் இழுக்கிற மோட்டார்தான் சாகும்.

பாலிடெக்னிக்கில் படித்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சூத்திரம் அதில் இருந்தது, பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன். டெப்த், ஃபீடு, வேகம் மூன்றையும் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் உலோகம் கழிகிறது என்று வரும். 3 பெருக்கல் 0.25 பெருக்கல் 100, ஆக 75 கன சென்டிமீட்டர். அதை உலோகத்தின் வெட்டு எதிர்ப்பால் பெருக்க வேண்டும். எம்.எஸ்.ஸில் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள சுருளைக் கிளப்ப சுமார் 2000 நியூட்டன் வேண்டும், அதாவது 200 கிலோ பாரம். 75ஐ 2000ஆல் பெருக்கி 60,000ஆல் வகுத்தால் டூல் முனையில் 2.5 கிலோவாட். மோட்டாரிலிருந்து முனைக்கு வருவதற்குள் பெல்ட்டும் கியரும் பேரிங்கும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். எங்களுடையதைப் போன்ற பழைய கியர் ஹெட்டில் நாலில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்தால் மோட்டார் கொடுக்க வேண்டியது 3.3 கிலோவாட், ஏறக்குறைய நாலரை ஹெச்.பி. எங்கள் மோட்டார் மூன்று.

காகிதத்தில் போட்ட கணக்கு பட்டறையில் யாருக்கும் உறைக்காது. எனக்கே முழுசாக உறைக்கவில்லை. அதனால் மோட்டார் ரீவைண்டிங் ஆகி வந்ததும், லேத்துக்கடியில் சுத்தமான டிரே வைத்து, ஒரே ஒரு நிமிஷம் அதே கட் கொடுத்து, விழுந்த சுருள் முழுவதையும் கூட்டி அள்ளிப் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் எடை போட்டோம். 570 கிராமுக்குப் பக்கத்தில் நின்றது. எம்.எஸ். ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம். கணக்குப் பொருந்தியது. எங்கள் லேத்தில் ஒரு ஹெச்.பி. மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 16 கன சென்டிமீட்டர் எம்.எஸ்.ஸைக் கழிக்கும். எடையில் சொன்னால் 128 கிராம். மூன்று ஹெச்.பி.க்கு 385 கிராம். நாங்கள் 570 கேட்டிருக்கிறோம். ஹெச்.பி. என்பது கையில் அள்ளி எடை போடக்கூடிய பொருள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. பட்டறைக்கு வரும் பையன்களுக்கு நான் இன்றும் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த 128 கிராமைத்தான். சூத்திரம் அப்புறம்.

உலோகம் மாறினால் கிராம் மாறும். காஸ்ட் அயர்னின் வெட்டு எதிர்ப்பு 1200க்குப் பக்கம் என்று வைத்தால், அதே ஒரு ஹெச்.பி. 27 கன சென்டிமீட்டர் எடுக்கும். அலுமினியத்தில் 700, 800தான், எம்.எஸ்.ஸைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் எடுக்கலாம். ஈ.என்.8, ஸ்டெயின்லெஸ் போன்றவை எம்.எஸ்.ஸைவிடக் கூடுதலாகவே கேட்கும். டூல் மழுங்கினால் இந்தக் கணக்கே புரண்டுவிடும். தேய்ந்த முனையோடு ஓட்டினால் பவர் கால் பங்கோ அதற்கு மேலோ கூடிவிடுகிறது. இன்சர்ட்டின் மூலையைத் திருப்பாமல் காசு மிச்சம் பிடிக்கிற பட்டறை அந்தக் காசை ரீவைண்டிங் கடையில் கொண்டுபோய்க் கட்டுகிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சுருள் மெல்லியதாக இருந்தால் அதே எடைக்கு அதிக பவர் செலவாகும், தடிமனாக இருந்தால் குறைவு. உலோகத்தைப் பொடியாக நறுக்குவதற்குப் பெரிய துண்டாக எடுப்பதைவிட உழைப்பு ஜாஸ்தி. கால் மில்லி ஃபீடில் 2000 இருந்த எதிர்ப்பு 0.4 மில்லி ஃபீடில் 1800க்குக் கொஞ்சம் கீழே இறங்குகிறது. ஆகவே மோட்டார் சின்னதாக இருந்தால் வேகத்தைக் குறைத்து ஃபீடைக் கூட்ட வேண்டும். அதே மோட்டாரில் எட்டில் ஒரு பங்கு சுருள் கூடுதலாக விழும். பெரும்பாலான டர்னர்கள் மோட்டார் திணறினால் முதலில் ஃபீடைத்தான் குறைக்கிறார்கள். திணறல் குறையும், சந்தேகமில்லை. ஆனால் கையில் இருக்கும் பவரின் ஒரு பகுதி வீணாகச் சூடாகிறது. இதற்கும் எல்லை உண்டு. ஃபீடு கூடினால் டூலின் மேல் பாரம் ஏறும், சக் பிடி உறுதியாக இருக்க வேண்டும். விடியாவை மிகவும் மெதுவாக ஓட்டினால் முனையில் உலோகம் அப்பிக்கொண்டு ஃபினிஷைக் கெடுக்கும். ரஃபிங்குக்கு மட்டுமே இந்த வழி.

ஏழரை ஹெச்.பி. யோசனையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் காசு மட்டுமல்ல. எட்டடி லேத்தின் ஹெட்டில் இருக்கும் கியரும் சாவியும் ஷாஃப்டும் ஓர் அளவு பலத்துக்குச் செய்தவை. டூல் திடீரென்று ஜாபில் மாட்டிக்கொள்ளும்போது சின்ன மோட்டார் திணறும், பெல்ட் வழுக்கும், யாராவது ஓடிவந்து ஸ்விட்சை அணைப்பார்கள். பெரிய மோட்டார் திணறாது. மோட்டார் விட்டுக்கொடுக்காவிட்டால் வேறு ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். அது கியர் பல்லாக இருக்கலாம், டூல் ஹோல்டராக இருக்கலாம். சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்கும் ராடாக இருந்தால் எதிரே நிற்கிறவனின் நெஞ்சுக்கு நேராக வரும். மோட்டார் வாங்கும்போது நான் முதலில் நினைப்பது இதைத்தான். லேத்தைச் செய்தவர்களிடம் கேட்டதில் ஹெட் ஐந்து ஹெச்.பி. வரை தாங்கும் என்றார்கள். ஐந்து போட்டோம், இன்னொரு வி பெல்ட் ஓடும்படி புல்லியை மாற்றினோம், பேனலில் ஒரு அம்மீட்டர் வைத்தோம்.

அம்மீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தப் பழைய 3 ஹெச்.பி. மோட்டார் சும்மா சுற்றும்போதே டாங் டெஸ்டரில் 2 ஆம்பியருக்கு மேல் காட்டும். ஃபுல் லோடில் 4.7. "சும்மா சுத்தும்போதே பாதி லோடா?" என்று பையன்கள் பயந்துவிடுவார்கள். அது லோடு அல்ல, மோட்டார் தன் காந்தத்தை உண்டாக்கிக்கொள்ள எடுப்பது. ஆம்பியர் பாதியாக இருப்பதால் பவரும் பாதி என்று சொல்ல முடியாது. ஃபுல் லோடுக்கு அருகில் வரும்போதுதான் அம்மீட்டரின் பேச்சை அப்படியே நம்பலாம். கூடவே வோல்டேஜையும் பார்க்க வேண்டும். மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 இருக்க வேண்டிய லைனில் 350 வந்தால் உச்ச டார்க் 71 சதவீதம்தான் மிஞ்சும். காலையில் இழுத்த அதே கட்டிங்கை மோட்டார் மாலையில் இழுக்கவில்லையென்றால் ஆபரேட்டரைத் திட்டுவதற்கு முன் வோல்ட் மீட்டரைப் பாருங்கள்.

டூல் முன்னேறி மோட்டார் பின்தங்குவது எங்கள் பட்டறைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் 26 வருஷம் உலோக வெட்டுச் சோதனைகள் செய்து 1906ல் தன் முடிவுகளை வெளியிட்டார். அதற்காக அவர் சுருளாக்கித் தள்ளிய இரும்பும் எஃகும் எட்டு லட்சம் பவுண்டு, சுமார் 360 டன். அவரும் மான்செல் ஒயிட்டும் பதப்படுத்திய ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலை 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டியபோது, அந்தக் காலத்து லேத்துகளுக்கு அந்த வேகமும் இல்லை, பலமும் இல்லை. ஒரே எஞ்சின், ஒரே லைன் ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும் தோல் பெல்ட் என்ற ஏற்பாட்டில், டூலின் பசிக்கு ஏற்ற பவரை ஒரு பெல்ட்டால் கொண்டுவர முடியவில்லை. மெஷின் செய்கிறவர்கள் படுக்கையிலிருந்து கியர் வரை கனமாக்க வேண்டியிருந்தது. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்ற வழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் ஊருக்கு பைகாரா மின்சாரம் 1930களில் வந்தது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்தார்கள், இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் லேத்தின் அடிக்கணக்கை வைத்து மோட்டார் வாங்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

இதுவரை சொன்னது பவர். அதில் பாதிதான் விஷயம் என்பதை சிங்காநல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் லேத் காட்டியது. பழைய லேத் ஒன்றை வாங்கி, மாற்றிக் கொடுப்பவர் ஒருவரிடம் விட்டிருந்தார். அவர் கியர் பாக்ஸ், பேக் கியர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 5 ஹெச்.பி. மோட்டாரிலிருந்து நேராக ஒன்றுக்கு இரண்டு என்ற ஒரே பெல்ட் போட்டு, வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. வைத்துக் கொடுத்தார். குமிழைத் திருகினால் வேகம் ஏறும், இறங்கும். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. சின்ன ஜாபுகளில் நன்றாகவே ஓடியது. பம்ப்புக்கான 300 மில்லி காஸ்ட் அயர்ன் ஃபிளாஞ்சை ஃபேஸிங் போடும்போது, சில நொடி இழுத்துவிட்டு வி.எஃப்.டி. டிரிப் ஆகிவிடும். "டிரைவ் சின்னது, பத்து ஹெச்.பி. டிரைவ் போடுங்க" என்று மாற்றிக் கொடுத்தவர் சொல்லியிருக்கிறார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டெப்த் 2, ஃபீடு 0.2, வேகம் 60 மீட்டர். நிமிஷத்துக்கு 24 கன சென்டிமீட்டர். டூல் முனையில் வேண்டியது அரைக் கிலோவாட்டுக்கும் குறைவு, 0.48. ஐந்து ஹெச்.பி. என்பது 3.7 கிலோவாட். எட்டில் ஒரு பங்கு வேலைக்கு ஏன் திணறுகிறது? நண்பர் காகிதத்தைத் தட்டிக்கொண்டே "கணக்கு தப்புங்க" என்றார். கணக்கு சரிதான், கேள்வியில்தான் ஒன்று விட்டுப்போயிருந்தது. 300 மில்லி விட்டத்தில் 60 மீட்டர் வேகம் என்றால் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 64 சுற்று. விளிம்பில் 480 நியூட்டன் பாரம், ஆரம் 150 மில்லி, ஆக ஸ்பிண்டிலுக்கு வேண்டிய டார்க் 72 நியூட்டன் மீட்டர். 1440 சுற்றில் 3.7 கிலோவாட் தரும் மோட்டாரின் ரேட்டட் டார்க் 24.5தான். பெல்ட் அதை இரண்டு மடங்காக்கினால் 49. வி.எஃப்.டி. வேகத்தைக் குறைக்கும்போது டார்க் கூடுவதில்லை, அதே அளவில் நிற்கும். பவர்தான் வேகத்தோடு சேர்ந்து இறங்கும். 64 சுற்றுக்கு அந்த மோட்டார் நாலரை ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அங்கே அது தரக்கூடியது 0.33 கிலோவாட். மருதமலை ஏற்றத்தில் டாப் கியரிலேயே ஏறச் சொல்வது போலத்தான். போதாக்குறைக்கு, மோட்டாரின் சொந்த ஃபேனும் அதே வேகத்தில் மெதுவாகச் சுற்றுவதால் சூடு போக வழியில்லை.

கழற்றி ஓரமாகப் போட்டிருந்த கியர் பாக்ஸோடு அதே மோட்டார் ஓடியிருந்தால், 1440ஐ 64ஆகக் குறைக்கும்போது டார்க் இருபது மடங்குக்கு மேல் பெருகியிருக்கும். கியரில் போவது போக 400 நியூட்டன் மீட்டருக்குக் குறையாது. பத்து ஹெச்.பி. டிரைவை அவர் வாங்கவில்லை. இடையில் ஒரு ஷாஃப்ட் வைத்து ஒன்றுக்கு ஆறு என்று இன்னொரு பெல்ட் வழி செய்துகொண்டார், மோட்டாருக்குத் தனி ஃபேன் மாட்டினார். இப்போது 147 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது, மோட்டாரும் 13 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஃபிளாஞ்ச் நிற்காமல் ஓடுகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சி.என்.சி. டர்னிங் சென்டர் விலை பேசியபோது, பிரவுச்சரில் 11 கிலோவாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், அது 30 நிமிஷ ரேட்டிங், தொடர்ந்து ஓட்ட 7.5. நான் பவர் டார்க் வரைபடத்தைக் கேட்டேன். விற்க வந்த பையனிடம் அது இல்லை. "யாரும் கேட்டதில்லைங்க சார்" என்றவன், ஆபீஸில் சொல்லி அனுப்பி வைத்தான். முழு பவர் 1500 சுற்றில்தான் தொடங்குகிறது, மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் ஒன்றுக்கு ஒன்று. தொடர்ந்து கிடைக்கும் டார்க் 48 நியூட்டன் மீட்டருக்குள். நாங்கள் பொறுக்கி எடுத்த 100 மில்லிக்கு உட்பட்ட ஜாபுகளுக்கு அது தாராளம். நல்ல மெஷின், வாங்கினோம். 300 மில்லி ஃபிளாஞ்ச் ஆர்டர் வந்தால் மட்டும் அது பழைய எட்டடி கியர் லேத்துக்குத்தான் போகிறது. அதன் ஐந்து ஹெச்.பி. மோட்டாரின் அம்மீட்டர் பாதிக்கு மேல் ஏறுவதில்லை.